நிற்கத் தெரிந்த கால்கள்

(கணினி விளையாட்டு ஆர்வலர் கூட்டம் ஒன்றில் ஆற்றிய சொற்பொழிவு, அச்சுக்காகச் சற்றே செப்பனிடப்பட்டது.)

முன்வரிசையில் பெற்றோர் சிலரைப் பார்க்கிறேன். பின்வரிசையில் இடமில்லாமல் நின்றுகொண்டிருக்கும் இளைஞர்களையும் பார்க்கிறேன். இந்த இரு வரிசையினருக்கும் ஒருசேரப் புரியும்படி பேச வேண்டும் என்ற எண்ணத்தோடுதான் வந்திருக்கிறேன்.

ஒரு காட்சியிலிருந்து தொடங்குகிறேன். ‘கவுன்டர்-ஸ்ட்ரைக்’ ஆடியவர்கள் அத்தனை பேருக்கும் ‘டஸ்ட் 2’ என்ற களம் தெரியும். டேவிட் ஜான்ஸ்டன் வடிவமைத்து 2001-இல் வெளிவந்தது. மணல் நிறச் சுவர்கள், வளைவுகள், மரப்பெட்டிகள். ஒரு சுவர் மூலைக்கு அப்பால் எதிரி துப்பாக்கியைக் குறிவைத்துக் காத்திருக்கிறார். இந்தப் பக்கமிருந்து ஆட்டக்காரர் வருகிறார். மூலையைத் தாண்டுகிறார், ஒரு குண்டு சுடுகிறார், எதிரி விழுகிறார். எல்லாம் கண் இமைக்கும் நேரத்தில் முடிந்துவிடுகிறது. பார்த்துக்கொண்டிருப்பவர்கள் “என்ன குறி!” என்று வியக்கிறார்கள்.

அந்தக் குறிக்கு முன்னால் ஒன்று நடந்தது. அவர் நின்றார். ஓடி வந்தவர், சுடுவதற்குச் சற்று முன்பு முழுதாக நின்றார். கூர்ந்து பார்க்காவிட்டால் அது தெரியவே தெரியாது. நான் இன்று பேசப்போவது அந்த நிற்றலைப் பற்றித்தான். டாக்டிகல் ஷூட்டர் என்று சொல்லப்படும் தந்திரோபாயச் சுடும் விளையாட்டுகளில் கால்களின் கலை என்பது, அடிப்படையில், நிற்கும் கலை.

பெற்றோருக்காக ஒரு விளக்கம். இவ்வகை ஆட்டங்களில் திரையே உங்கள் கண். பாத்திரத்தின் உடம்பு உங்களுக்குத் தெரியாது. கையும் துப்பாக்கியும் மட்டும் தெரியும். இடக்கை விசைப்பலகையில் W, A, S, D என்ற நான்கு விசைகள் மேல் இருக்கும். முன்னே, இடப்பக்கம், பின்னே, வலப்பக்கம் என்று அவை உடலை நகர்த்தும். வலக்கை மவுஸைப் பிடித்துப் பார்வையைத் திருப்பும். ஆக, இடக்கை கால், வலக்கை கண். புதிதாக ஆட வருபவர்கள் எல்லோரும் வலக்கையைத்தான் பழக்குகிறார்கள். சிலம்பம் கற்கப் போனவர்களுக்குத் தெரியும், கம்பு சுழற்றுவதற்கு முன்னால் காலடி வைக்கத்தான் ஆசான் சொல்லித் தருவார். இங்கேயும் முறை அதுதான்.

இந்த ஆட்டத்தில் ஏன் நிற்க வேண்டும்? ஓடிக்கொண்டே சுட்டால் குண்டு குறியில் விழாது. ஆட்டத்தை ஆக்கியவர்கள் அப்படித்தான் விதி வைத்திருக்கிறார்கள். ‘கவுன்டர்-ஸ்ட்ரைக்’கில் கத்தியோடு ஓடினால் வினாடிக்கு 250 அலகு வேகம். ஏகே-47 ஏந்தினால் 215. ஏடபிள்யூபி என்ற ஸ்னைப்பர் துப்பாக்கியோடு 200. ஓடும்போது சுட்டால் குண்டு குறியைச் சுற்றி எங்கெங்கோ சிதறும். உச்ச வேகத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குக்குக் கீழே வேகம் இறங்கிய பிறகுதான் நின்று சுடுவதற்கு உரிய துல்லியம் கிடைக்கும். ஏகே-47 வைத்திருப்பவர் 215-லிருந்து சுமார் 73-க்கு இறங்க வேண்டும்.

இந்த ஒரே விதி ஆட்டத்தின் முழு இயல்பையும் தீர்மானிக்கிறது. 1996-இல் ஐடி சாஃப்ட்வேர் வெளியிட்ட ‘குவேக்’கில் இப்படி ஒரு விதி இல்லை. அங்கே ஓடிக்கொண்டும் தாவிக்கொண்டும் சுடலாம், வேகமே கவசம். ‘கவுன்டர்-ஸ்ட்ரைக்’கில் வேகம் உங்களை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கொண்டுசேர்க்கும்; ஆனால் கொல்லும் வலிமையைப் பறித்துக்கொள்ளும். ஓடும்போது நீங்கள் அடிபடக் கடினமானவர், அடிக்கவும் இயலாதவர். நிற்கும்போது அடிக்க வல்லவர், அடிபடவும் எளியவர். இந்த இரண்டு நிலைகளுக்கும் நடுவில் உள்ள இடைவெளியை யார் சுருக்குகிறாரோ அவர் வெல்கிறார்.

அதைச் சுருக்கும் வழிக்கு ஆட்டக்காரர்கள் வைத்திருக்கும் பெயர் ‘கவுன்டர் ஸ்ட்ரேஃப்’. பக்கவாட்டில் நகர்வதுதான் ஸ்ட்ரேஃப். D-யை அழுத்தி வலப்பக்கம் ஓடுகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். D-யை விட்டுவிட்டால் உடல் உடனே நிற்காது. தரையின் உராய்வு மெல்ல மெல்லத்தான் வேகத்தைத் தின்னும். சைக்கிளில் மிதிப்பதை நிறுத்திய பிறகும் வண்டி உருண்டுகொண்டிருப்பது போல. ஆனால் D-யை விட்ட அதே கணத்தில் எதிர்ப்பக்க விசையான A-யை ஒரு தட்டுத் தட்டினால், உராய்வோடு எதிர்முடுக்கமும் சேர்ந்துகொண்டு உடலைப் பிடித்து நிறுத்தும்.

எவ்வளவு வித்தியாசம் என்று கேட்பீர்கள். ‘கவுன்டர்-ஸ்ட்ரைக்’கின் பதிப்புகளில் ஒன்றான ‘சிஎஸ்:கோ’வின் இயல்பான உராய்வு எண் 5.2, முடுக்க எண் 5.5. இவற்றை வைத்து நானே தாளில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஏகே-47 வைத்திருப்பவர் விசையை வெறுமனே விட்டால், 215-லிருந்து 73-க்கு இறங்க ஏறத்தாழ 200 மில்லி வினாடி ஆகிறது. எதிர்விசையைத் தட்டினால் ஏறத்தாழ 75 மில்லி வினாடி. மிச்சமாகும் 125 மில்லி வினாடி சின்னது போலத் தோன்றும். ஆனால் ஒன்றைக் கண்டு விரலை அசைக்க மனிதருக்கு ஏறத்தாழ 200 மில்லி வினாடி தேவைப்படுகிறது என்பதை நினைத்துப் பாருங்கள். எதிரி உங்களைப் பார்த்து விரலை அசைப்பதற்குள் பாதிக்கு மேற்பட்ட நேரத்தை நீங்கள் மிச்சம் பிடித்துவிட்டீர்கள்.

இதில் உள்ள நுட்பத்தையும் சொல்ல வேண்டும். A-யைத் தாமதமாகத் தட்டினால் இடையில் வெறும் சறுக்கல்தான். D-யை விடுவதற்கு முன்பே A-யை அழுத்தினால் இரண்டும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு, வெறும் உராய்வு மட்டுமே மிஞ்சும். A-யைக் கொஞ்சம் கூடுதலாகப் பிடித்துவிட்டால் எதிர்ப்பக்கம் ஓடத் தொடங்கிவிடுவீர்கள். குண்டு மறுபடி சிதறும். ஒரு விரல் எழும் கணமும் இன்னொரு விரல் விழும் கணமும் ஒன்றாக வேண்டும். தவில் வித்துவான் இரண்டு கைகளையும் கால அளவு பிசகாமல் வைப்பது போன்ற பயிற்சி இது. 2020-இல் ரயட் கேம்ஸ் வெளியிட்ட ‘வாலரன்ட்’டில் விசையை விட்டாலே உடல் மிக விரைவில் நின்றுவிடும். அதனால் இந்தத் தட்டுக்கு அங்கே அவ்வளவு மதிப்பில்லை. ஆனாலும் நின்று சுட வேண்டும் என்ற அடிப்படை அங்கேயும் அப்படியே இருக்கிறது.

அடுத்து, இந்த அசைவுகள் எங்கிருந்து வந்தன என்ற வரலாறு. இது எனக்கு மிகவும் பிடித்த பகுதி. ஏனென்றால் இது ஒரு பிழையின் வரலாறு.

‘குவேக்’கின் நிரலை அடித்தளமாகக் கொண்டு வால்வ் நிறுவனம் 1998-இல் ‘ஹாஃப்-லைஃப்’பை உருவாக்கியது. அதன்மேல் மின் லே, ஜெஸ் கிளிஃப் என்ற இரண்டு இளைஞர்கள் 1999-இல் கட்டிய இலவச மாற்றுவடிவம்தான் ‘கவுன்டர்-ஸ்ட்ரைக்’. 2000-இல் வால்வ் அதைத் தன் வெளியீடாகவே கொண்டுவந்தது. மூத்த ஆட்டத்தின் கால்கள் இளைய ஆட்டத்துக்கு வந்ததோடு, அந்தக் கால்களில் இருந்த ஒரு குறையும் கூடவே வந்தது.

அந்தக் குறை இது. காற்றில் இருக்கும்போது ஆட்டக்காரர் எல்லை மீறி வேகம் கூட்டக் கூடாது என்று நிரல் ஒரு சோதனை வைக்கிறது. ஆனால் அந்தச் சோதனை மொத்த வேகத்தை அளப்பதில்லை. நீங்கள் எந்தத் திசையில் விசையை அழுத்துகிறீர்களோ அந்தத் திசையில் உள்ள வேகத்தை மட்டும் அளக்கிறது. அங்கே 30 அலகு வரை அனுமதி. நீங்கள் நேராக 250 வேகத்தில் போய்க்கொண்டிருக்கும்போது, செங்குத்தாகப் பக்கவாட்டில் அழுத்தினால் என்ன ஆகும்? பக்கவாட்டில் உங்கள் வேகம் சுழியம். அதனால் நிரல் 30 வரை தந்துவிடுகிறது. பள்ளியில் படித்த பித்தாகரஸ் கணக்கைப் போடுங்கள்: 250-இன் வர்க்கமும் 30-இன் வர்க்கமும் கூட்டி மூலம் எடுத்தால் சுமார் 251.8. ஒரு கணத்தில் கிடைத்தது இரண்டு அலகுகூட இல்லை. ஆனால் பார்வையை மெல்லத் திருப்பிக்கொண்டே வினாடிக்குப் பல முறை இதையே செய்தால், வேகம் ஏறிக்கொண்டே போகும். காற்றில் இருக்கும்போது W-யை அழுத்தாதே, பக்க விசையும் மவுஸும் ஒரே திசையில் போகட்டும் என்று பழைய ஆட்டக்காரர்கள் சொல்லிக்கொடுப்பதன் கணக்கு இதுதான்.

தரையில் இறங்கினால் உராய்வு இந்த வேகத்தைத் தின்றுவிடும். எனவே இறங்கிய கணத்திலேயே மறுபடி தாவ வேண்டும். ஸ்பேஸ் விசையில் அந்தக் கணத்தைப் பிடிப்பது கடினம் என்பதால், மவுஸ் சக்கரத்தைத் தாவும் விசையாக மாற்றிக்கொண்டு உருட்டுவார்கள். ஒரு உருட்டலில் பல தாவல் கட்டளைகள் போகும், ஏதாவது ஒன்று சரியான கணத்தில் விழும். முயல் துள்ளுவது போலத் துள்ளிப் போவதால் இதற்குப் ‘பன்னி ஹாப்’ என்று பெயர்.

‘குவேக்’கை எழுதிய ஜான் கார்மாக், 1999-இல் ‘குவேக் 3’ உருவாகிக்கொண்டிருந்தபோது இதன் உறவுக்கார நுட்பமான ‘ஸ்ட்ரேஃப் ஜம்ப்’பைப் பிழை என்றே கருதினார். திருத்தவும் முயன்றார். திருத்தியபோது சாதாரண ஓட்டத்தின் சுவையே கெட்டுப்போனதாக உணர்ந்தார். அதனால் அந்தத் தாவல் தப்பியது. ‘கவுன்டர்-ஸ்ட்ரைக்’ வேறு முடிவெடுத்தது. தாவித் தாவிப் பறப்பவர்கள் நிதானமான மோதல் என்ற அடிப்படையையே குலைத்ததால், 2002-இல் வந்த 1.4 பதிப்பு இதற்குக் கடிவாளம் போட்டது.

இரண்டு முடிவுகளும் சரியானவை என்பதே என் கருத்து. ஒரே அசைவு ஓர் ஆட்டத்தின் உயிராகவும் இன்னோர் ஆட்டத்தின் கேடாகவும் இருக்கலாம். ஆனால் விரட்டப்பட்ட அந்த அசைவு அழிந்துபோகவில்லை. துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டு, தாவுவதற்காகவே தாவியவர்கள் அதைக் காப்பாற்றினார்கள். உயரங்களில் ஏறி, அகழிகளைத் தாண்டி முடிவிடம் சேரும் ‘கேஇசட்’ களங்கள் உருவாயின. 2004 வாக்கில், சரிந்த பலகைகளில் ஒட்டியபடி காற்றில் மிதந்து செல்லும் ‘சர்ஃப்’ களங்கள் பிறந்தன. அங்கே எதிரி இல்லை, தோட்டா இல்லை. உடலும் காற்றும் மட்டும். நிரலில் இருந்த ஒரு குறையைக் கையின் பொறுமையால் கலையாக்கிய அந்த முகம் தெரியாத ஆயிரக்கணக்கானவர்களை நான் மதிக்கிறேன்.

இனி மூலைக்கு வருவோம். மூலையைத் தாண்டி எட்டிப் பார்ப்பதை ஆட்டக்காரர்கள் ‘பீக்’ என்கிறார்கள். இதில் ஒரு வடிவக்கணித உண்மை இருக்கிறது. கண் உடலின் நடுவில் இருக்கிறது. தோள் அதற்கு வெளியே இருக்கிறது. மூலையை ஒட்டி நிற்பவர் எட்டிப் பார்க்கும்போது, அவர் கண் எதையும் பார்ப்பதற்கு முன்பே அவர் தோள் வெளியே நீண்டுவிடும். மூலையிலிருந்து தள்ளி நிற்பவர் அந்தத் தோளை முதலில் பார்த்துவிடுவார். அதனால் விதி எளிது: எதிரியைவிட மூலைக்குத் தொலைவாக நில்லுங்கள். சுவரோடு ஒட்டிக்கொண்டால் பாதுகாப்பு என்று நம் உள்ளுணர்வு சொல்கிறது. கணக்கு அதற்கு நேர்மாறாகச் சொல்கிறது.

எட்டிப் பார்ப்பதிலும் பல வகை உண்டு. ஓர் இடத்தில் பலர் ஒளிந்திருக்கக்கூடும் என்றால், வட்டத்தைத் துண்டு துண்டாக வெட்டுவது போல, சிறிது சிறிதாகப் பக்கவாட்டில் நகர்ந்து ஒவ்வொரு கோணமாகத் திறக்க வேண்டும். ஒரே நேரத்தில் இரண்டு பேர் கண்ணில் படாமல் இருக்க இதுவே வழி. தகவல் மட்டும் வேண்டுமென்றால் ‘ஜிகிள் பீக்’: A, D, A, D என்று மாற்றி மாற்றித் தட்டி, தலையை ஒரு கணம் காட்டி ஒளித்துக்கொள்வது. ஸ்னைப்பர் காத்திருக்கிறாரா என்று அறிய ‘ஷோல்டர் பீக்’: தோளை மட்டும் காட்டி அவரைச் சுட வைப்பது. ஏடபிள்யூபி ஒரு குண்டு சுட்டால் அடுத்த குண்டுக்கு ஒரு வினாடிக்கு மேல் ஆகும். அந்த இடைவெளியில் நீங்கள் வெளியே வரலாம். கபடியில் பாடிப் போகிறவர் காலை நீட்டிப் பிடிக்க வருவோரைத் தூண்டிவிட்டுப் பின்வாங்குவாரே, அதே மனம்தான் இது. மோதத் தீர்மானித்துவிட்டால் ‘வைட் ஸ்விங்’: மூலையை ஒட்டிக் குறிவைத்திருப்பவரின் குறியைத் தாண்டி, ஒரே ஓட்டமாக அகலமாய் வெளியே வந்து, அங்கே நின்று சுடுவது. ஒவ்வொரு வகையிலும் கடைசிச் செயல் நிற்பதுதான், அல்லது நிற்காமல் திரும்பிவிடுவதுதான்.

‘ரெயின்போ சிக்ஸ் சீஜ்’ என்ற 2015 ஆட்டத்தில் கால் நகராமலே உடலைப் பக்கவாட்டில் சாய்க்க முடியும். ‘கவுன்டர்-ஸ்ட்ரைக்’கில் அந்த வசதி இல்லை. இல்லாததால்தான் அங்கே கால்களுக்கு இவ்வளவு மரியாதை.

வெளியே வருபவருக்கு இன்னொரு சாதகம் உண்டு. அது இணையம் தருவது. ‘பீக்கர்ஸ் அட்வான்டேஜ்’ என்பார்கள். நான் மூலையைத் தாண்டினேன் என்ற செய்தி என் கணினியிலிருந்து சர்வருக்குப் போய், அங்கிருந்து உங்கள் கணினிக்கு வர வேண்டும். அந்தச் செய்தி பயணத்தில் இருக்கும்போதே என் திரையில் நீங்கள் தெரிந்துவிடுகிறீர்கள். உங்கள் திரையில் நான் இன்னும் வரவில்லை. மொத்தத் தாமதம் 100 மில்லி வினாடி என்று வைத்துக்கொள்வோம். ஏகே-47 வேகத்தில் அந்த நேரத்துக்குள் நான் 21.5 அலகு நகர்ந்திருப்பேன். பாத்திரத்தின் உடல் அகலம் 32 அலகு. அதாவது உங்கள் கண்ணுக்கு நான் தெரியத் தொடங்குவதற்குள், உண்மையில் என் உடலில் மூன்றில் இரண்டு பங்கு வெளியே வந்துவிட்டது. பின்னால் நகர்ந்து மறைந்த பிறகும் செத்தேன் என்று பலர் புலம்புவதற்கும் இந்தத் தாமதமே காரணம். சுட்டவரின் திரையில் எதிரி எங்கே தெரிந்தாரோ அந்த இடத்துக்குக் காலத்தைப் பின்னோக்கித் திருப்பி சர்வர் கணக்குப் பார்க்கும் முறையை வால்வின் யான் பெர்னியர் 2001-இல் ஒரு கட்டுரையில் விரிவாக விளக்கினார். இந்தச் சாதகத்தைக் குறைக்கவே ‘வாலரன்ட்’ வினாடிக்கு 128 முறை கணக்கிடும் சர்வர்களோடு வந்தது. குறைக்கலாம், ஒளியின் வேகத்துக்கும் ஓர் எல்லை இருப்பதால் ஒழிக்க முடியாது. சர்வருக்குத் தொலைவில் உட்கார்ந்து ஆடும் நம் பிள்ளைகள் இதை அறிந்திருக்க வேண்டும்: ஒரே கோணத்தைப் பார்த்து அசையாமல் காத்திருந்து ஏமாறுவதைவிட, அவ்வப்போது இடம் மாற்றுங்கள், முடிந்தபோது நீங்களே வெளியே வாருங்கள்.

ஒலியையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஓடினால் காலடிச் சத்தம் எதிரிக்குக் கேட்கும். ஷிஃப்ட்டை அழுத்தி நடந்தால் கேட்காது. ஆனால் வேகம் ஏறத்தாழப் பாதியாகிவிடும். ஒரு சுற்றுக்கு 1 நிமிடம் 55 வினாடிதான். அமைதியை நேரம் கொடுத்து வாங்க வேண்டியிருக்கிறது. சத்தம் போட்டு ஒரு பக்கம் ஓடி, பாதியில் நடையாக மாறித் திரும்பிவிட்டால், எதிரி கேட்காத காலடிக்காகக் காத்துக்கொண்டிருப்பார். காலடியால் பொய் சொல்லவும் முடியும்.

விதியை மீறிய ஒரு தருணத்தையும் சொல்லாமல் போகக் கூடாது. 2016 ஜூலையில் ஜெர்மனியின் கொலோன் நகரில் ‘கவுன்டர்-ஸ்ட்ரைக்’குக்கான ஈஎஸ்எல் ஒன் போட்டி. அரையிறுதியில் உக்ரைனைச் சேர்ந்த ‘சிம்பிள்’ என்ற ஆட்டக்காரர், ‘கேஷ்’ களத்தின் மேட்டிலிருந்து குதித்து, ஸ்கோப் வைக்காமலே ஏடபிள்யூபியால் இருவரை அடுத்தடுத்து வீழ்த்தினார். நிற்காமல் சுட்டால் குண்டு சிதறும் என்று இவ்வளவு நேரம் சொன்னேன். அதனால்தான் அரங்கமே எழுந்து ஆர்ப்பரித்தது. பின்னர் வால்வ் அந்த இடத்தின் சுவரிலேயே அதை ஓவியமாகப் பதித்தது. அந்தப் பாய்ச்சலின் துணிவு எத்தகையது என்பது நிற்பதன் அருமை தெரிந்தவர்களுக்கே முழுதாகப் புரியும்.

நான் இங்கே வந்ததற்கு முதன்மையான காரணம் இனிச் சொல்லப்போவதுதான். 2024-இல் ரேசர், வூட்டிங் போன்ற நிறுவனங்களின் விசைப்பலகைகளில் ஒரு புது வசதி வந்தது. ரேசர் அதற்கு வைத்த பெயர் ‘ஸ்னாப் டாப்’. D அழுத்தியிருக்கும்போதே A-யை அழுத்தினால், D-யை விட்டுவிட்டதாக விசைப்பலகையே கணக்கில் எடுத்துக்கொள்ளும். இரண்டு விரல்களும் ஒரு கணத்தில் சந்திக்க வேண்டும் என்று சற்று முன்பு சொன்னேன் அல்லவா? அந்தச் சந்திப்பை இயந்திரம் பிழையில்லாமல் நடத்திக்கொடுத்துவிடும். அதே ஆண்டு ஆகஸ்டில் வால்வ் தன் அதிகாரபூர்வ ‘கவுன்டர்-ஸ்ட்ரைக் 2’ சர்வர்களில் இத்தகைய தானியக்கத்தைத் தடைசெய்தது. ஒரே விசையில் பல அசைவுகளை அடக்கும் கட்டளைகளையும் நிறுத்தியது.

அந்தத் தடை சரியானது என்று நான் உறுதியாக நம்புகிறேன். விரல் சரியாக இயங்காத ஒருவர் நண்பர்களோடு ஆடுவதற்குக் கருவியின் துணையை நாடினால் அதை நான் வரவேற்பேன். விளையாட்டு அவருக்கும் உரியது. ஆனால் போட்டி என்பது வேறு. அங்கே அளக்கப்படுவதே அந்த இரண்டு விரல்களின் சந்திப்பைத்தான். அதை விலைக்கு வாங்க முடியுமென்றால், பல ஆண்டுகள் இரவு பகலாகப் பழகிய ஒருவரும் நேற்றுக் கடையில் பலகை வாங்கிய ஒருவரும் ஒன்றாகிவிடுவார்கள். பன்னி ஹாப்பும் நிரலின் குறைதானே, அதைப் போற்றிவிட்டு இதை மறுக்கலாமா என்று கேட்கலாம். அந்தக் குறை ஆட்டக்காரரின் கையிடம் இன்னும் அதிகம் கேட்டது. இந்த வசதியோ கையிடம் எதையுமே கேட்பதில்லை. நான் பார்க்கும் வேறுபாடு அதுதான்.

பெற்றோர்களே, உங்கள் பிள்ளைகள் எவ்வளவு நேரம் ஆடலாம் என்பதை நீங்கள்தான் தீர்மானிக்க வேண்டும். ஆனால் அவர்கள் ஆடுவதை ஒருநாள் பக்கத்தில் அமர்ந்து பாருங்கள். உராய்வும் முடுக்கமும் கோணமும் தாமதமும் அவர்கள் விரல்களில் கணக்காக ஓடிக்கொண்டிருப்பதைக் காண்பீர்கள்.

இளைஞர்களே, இன்று வீட்டுக்குப் போய் ஒரு வேலை செய்யுங்கள். யாரும் இல்லாத சர்வரில் தனியாக ஒரு வெற்றுச் சுவருக்கு முன்னால் போய் நில்லுங்கள். சுவரில் ஒரு புள்ளியைத் தேர்ந்துகொள்ளுங்கள். வலப்பக்கம் ஓடி, எதிர்விசையைத் தட்டி நின்று, ஒரு குண்டு. இடப்பக்கம் ஓடி, நின்று, ஒரு குண்டு. இப்படி நூறு முறை. பிறகு சுவரைப் பாருங்கள். குண்டுத் தழும்புகள் பரவிக் கிடந்தால் உங்கள் கால் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. ஒரு சிறு வட்டத்துக்குள் குவிந்திருந்தால் நீங்கள் நிற்கக் கற்றுக்கொண்டுவிட்டீர்கள். அந்தச் சுவர் யாருக்கும் சலுகை காட்டாது.